டைமிங் பெல்ட்: வீட்டு வாசலா, ஃபோர்மன் பட்டறையா?

ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த பெல்ட்) மாற்ற வேண்டிய கார் நின்றால், மலேசியத் தோட்டப்புற ஊர்களில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதற்குப் போய் ஏன் பட்டறைக்குக் காசு கொடுக்க வேண்டும்? எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாயில் எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, ரேடியேட்டர் ஹோஸ் போடுவது எல்லாம் வாசலிலேயே நடக்கிற காரியங்கள். (2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் சூட்டினார்கள். கடிதத்தில் அப்படி எழுதுகிறோம். வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அப்பாக்களும் ஆலையில் ஃபிட்டராக இருந்த சித்தப்பாக்களும் விட்டுப்போன சொத்தில் ஒரு ஸ்பேனர் பெட்டியும் உண்டு. பெட்டி இருக்கிறது என்பதாலேயே எல்லா வேலையும் நம் வேலை ஆகிவிடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த வேலையை வீட்டில் தொடங்க வேண்டாம். சின்ன ஊரில் கூலி ஒன்றும் கழுத்தை நெரிக்கும் தொகை அல்ல. நல்ல பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரில் நல்லதும் வாங்கினால் அவற்றுக்கு ஆகும் காசு பெரும்பாலும் கூலியைத் தாண்டிவிடும். வேலையில் தவறு நேர்ந்தால் வரும் செலவோ இரண்டையும் விழுங்கிவிடும். வீட்டில் செய்வதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு. உள்ளே என்ன போனது, வெளியே என்ன வந்தது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அந்த நம்பிக்கையை வேறு வழியில் பெற முடியுமானால் வாசலில் ஜேக் போட வேண்டிய அவசியமே இல்லை. எந்த வழியில் அது கிடைக்கும், எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால், உங்கள் காரில் டைமிங் பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மைவிக்கு எப்போது பெல்ட் மாற்றுவது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2005-இல் வந்த முதல் மைவியின் 1.3 எஞ்சினிலேயே செயின்தான்; எண்ணெயைக் காலத்தில் மாற்றி வந்தால் அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. பழைய கான்சில், இஸ்வாரா, வீரா, வாஜா ஆகியவை பெல்ட் வண்டிகள். 2004-இல் ஜென்-2 காருடன் வந்த கேம்ப்ரோ எஞ்சினும் பெல்ட்தான். அதே எஞ்சின் பிறகு பெர்சோனாவிலும் 2008 சாகாவிலும் எக்ஸோராவிலும் ஏறியது. தோட்டப்புற ஊர்களின் காப்பிக்கடை வாசல்களில் நிற்கும் கார்களில் இவை இன்றும் நிறைய.

இவற்றை ஒரே கூட்டமாகவும் எண்ணிவிடக் கூடாது. வீரா 1.5 எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒன்று. கேம்ப்ரோவில் இரண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பெல்ட்டைக் கழற்றிய நொடியில் தெரியும். வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் இரண்டு கேம் பல்சக்கரங்களும் தத்தம் போக்கில் நழுவப் பார்க்கும். அவற்றை அசையாமல் பிடித்துவைக்கப் பூட்டுக் கருவி ஒன்று தேவை. அந்தக் கருவி இல்லாமல் இரண்டு ஸ்பேனர்களை முட்டுக்கொடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. முதல் முறை செய்பவர் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

பெல்ட்டின் வேலை தெரிந்தால்தான் எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பது தெரியும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தவறாமல் பார்த்துக்கொள்வது பெல்ட். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்றால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். கார் ஓடுகிற வேகத்தில் கிராங்க் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் போய் மோதும். கேம்ப்ரோவில் இப்படி வால்வு வளைவது பட்டறைகளுக்குப் பழகிப்போன கதை. வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, வளைந்த வால்வுகளை மாற்றி, புதிய கேஸ்கெட் போட்டு மூடும்போது செலவு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். வயதான ஒரு சாகாவுக்கு அது காரின் விலையிலேயே கணிசமான பங்கு. பெல்ட்டைத் தப்பான இடத்தில் மாட்டி எஞ்சினை முடுக்கினாலும் இதே கதிதான்.

எப்போது மாற்றுவது என்பதற்குக் காரின் கையேடுதான் கடைசி வார்த்தை. பெரும்பாலான கார்களுக்கு அது 80,000 முதல் 100,000 கி.மீ. வரை, அல்லது ஐந்து வருடத்தை ஒட்டி என்று இருக்கும். இதில் இரண்டாவது பாதியைத்தான் நம் ஊர்களில் மறந்துவிடுகிறார்கள். தோட்டத்து வீட்டுக்கும் பட்டணத்துக் கடைக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், வருடத்துக்கு ஒருமுறை பத்துமலைக்கும் மட்டும் ஓடிய காரில் கிலோமீட்டர் ஏறியிருக்காது. ரப்பருக்கு வயது ஏறியிருக்கும். மேலே இருக்கும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "வெடிப்பே இல்லை, இன்னும் ஓடும்" என்பதும் கணக்கில் சேராது. பெல்ட்டின் பலம் உள்ளே ஓடும் கண்ணாடி இழைகளில் இருக்கிறது. அவை தளர்ந்ததை வெளி ரப்பர் காட்டிக்கொடுப்பதில்லை.

நம் சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. நூறு வருடங்கள் கழிந்தும் இந்தச் சாலைகளை ஆளுவது குலை ஏற்றிய லாரிகள். பின்னால் போகிற காருக்கு வெயிலில் தூசி, மழையில் சேறு. டைமிங் மூடி முழுதாக இருந்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் முன்பு வேலை செய்த யாரோ கீழ் மூடியின் போல்ட் இரண்டைத் தொலைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். இது நான் நினைத்ததைவிட அதிகமான கார்களில் கண்ட குறை. அந்த இடைவெளியில் போகும் மண் பல்லில் ஏறி அரைக்கும். கிராங்க் சீலில் எண்ணெய் கசிந்தால் இன்னும் மோசம். எண்ணெயில் ஊறிய பெல்ட் தன் காலம் வரை நிற்காது.

இனி டென்ஷனர். பட்டறையில் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தடம் மாறும். "தம்பி, பெல்ட் மட்டும் போதும். டென்ஷனர் நன்றாகத்தான் இருக்கிறது. எதற்குக் காசைக் கரைக்கிறீர்கள்?" என்று அண்ணன் ஒருவர் அக்கறையோடுதான் சொல்வார். கழற்றிய அந்த டென்ஷனரை வாங்கிக் காதருகே வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். புதியது சத்தமில்லாமல் திரும்பும். உள்ளே இருக்கும் கெட்டியான கிரீஸ் இழுத்துப் பிடிப்பதால், விரலை எடுத்ததும் நின்றுவிடும். காலம் முடிந்தது பம்பரம் போலச் சுற்றும். கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். சிலவற்றில் மணல் அரைபடுவது போன்ற மெல்லிய நறநறப்பும் கேட்கும். பிறகு நடுவைப் பிடித்துக்கொண்டு வெளி வளையத்தைப் பக்கவாட்டில் அசையுங்கள். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அது பெல்ட்டை ஓரத்துக்குத் தள்ளும். பெல்ட் ஓடும் முகத்தில் சூட்டில் பழுப்பேறிய கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எதுவுமே இல்லாவிட்டாலும் நான் புதியதுதான் போடச் சொல்வேன். இந்த பேரிங் மூடி முத்திரையிட்டது, திறந்து கிரீஸ் வைக்க வழியில்லை. புதிய பெல்ட்டின் முழு ஆயுளையும் இந்தப் பழைய உருளை தாங்க வேண்டும். நடுவில் அது இறுகி நின்றால் புதிய பெல்ட்டையும் சேர்த்து அறுக்கும். பெல்ட், டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர் மூன்றும் ஒரே பெட்டியில் வருவது இதனால்தான். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பை எட்டுவதற்கும் இதே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அப்படியானால் அதையும் இந்தச் சமயத்திலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஆகவே ஒப்பீட்டில் பெல்ட் மட்டும் மாற்றும் மலிவு வழியை நான் சேர்க்கவே இல்லை. பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து கழற்றிய பழைய டென்ஷனரை வாங்கிப் போடும் வழியையும் சேர்க்கவில்லை. கதவு, பம்பர், கியர் பெட்டிக்கு ஹாஃப் கட் கடை நல்ல இடம்.

வீட்டில் செய்வது என்றால் என்னென்ன வேண்டும்? முதலில் இடம். சிமெண்டுத் தரை, சமமானது, மேலே கூரை. சரிவான வாசலிலோ புல்தரையிலோ இதைத் தொடங்கக் கூடாது. காரை ஜேக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கை விடவே கூடாது, தாங்கிகள் கட்டாயம். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மழை இடித்துக்கொண்டு வரும். தகரக் கூரையில்லாத வாசலில் பாதி திறந்த எஞ்சினை வைத்துக்கொண்டு தார்ப்பாயைத் தேடும் நிலை வேண்டாம். அடுத்தது நேரம். பழகிய ஃபோர்மன் (பட்டறை மெக்கானிக்) அரை நாளில் முடிப்பதற்கு நீங்கள் ஒரு முழு வாரயிறுதியை ஒதுக்க வேண்டும். மூன்றாவது, இன்னொரு வண்டி. ஞாயிறு மத்தியானம் ஒரு போல்ட் தலை முறிந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மறுநாள்தான் திறக்கும். திங்கள் காலை வேலைக்குப் போக வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளாவது இருக்க வேண்டும். இருக்கும் ஒரே வாகனத்தைக் கழற்றிப் போடுவது சூதாட்டம்.

கருவிகளில், போல்ட்டை அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், நீளமான கைப்பிடி, நல்ல சாக்கெட்டுகள், தாங்கிகள், இரண்டாவது ஜேக் ஆகியவை இல்லாமல் முடியாது. இவற்றைப் புதிதாக வாங்கினால் மிச்சம் பிடிக்க நினைத்த கூலி அங்கேயே போய்விடும். அடுத்த வேலைகளுக்குக் கருவி மிஞ்சும் என்பது உண்மை. டார்க் ரெஞ்ச் இருக்கிற வீடு என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் இரவல் கேட்டு வருவார்கள் என்பதும் உண்மை.

வேலையின் முதல் முட்டுக்கட்டை கிராங்க் புல்லியின் நடு போல்ட். பல வருடமாக இறுகிப்போனது. கையால் திருப்பினால் எஞ்சின்தான் சேர்ந்து சுற்றும். பட்டறையில் காற்றுத் துப்பாக்கி இரண்டு விநாடியில் கழற்றிவிடும். வீட்டில் சிலர் சாக்கெட்டின் கைப்பிடியைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டுவார்கள். வேலை செய்யும், கைப்பிடி நழுவினால் பல்லோ கையோ போகும். நான் யாருக்கும் அதைச் சொல்லித் தருவதில்லை. பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் துப்பாக்கியை யாரிடமாவது இரவல் வாங்குவது மேல். அடுத்து, டைமிங் பக்கத்து எஞ்சின் மவுண்டிங்கைக் கழற்ற வேண்டிவரும். அப்போது எஞ்சினைக் கீழிருந்து தாங்க வேண்டும்; எண்ணெய்த் தொட்டிக்கும் ஜேக்குக்கும் நடுவே அகலமான பலகை வைக்காவிட்டால் தொட்டி நசுங்கிவிடும்.

பிறகு வருவது குறிகள். எல்லாமே இங்கேதான். கேம் பல்சக்கரத்தில் ஒரு குறி, அதற்கு எதிரே எஞ்சினில் ஒரு குறி. கிராங்க் பல்சக்கரத்தில் ஒன்று, அதற்கும் எதிரே ஒன்று. வெளிப்புல்லியில் இருக்கும் கோட்டை நம்பக் கூடாது. அதன் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் நழுவியிருந்தால் கோடு பொய் சொல்லும். உள்ளே பல்சக்கரத்தில் பொறித்த குறிதான் சாட்சி. சக்கர வளைவுக்குள் தலையை நுழைத்துச் சாய்வாகப் பார்த்தால் ஒரு பல் முன்பின்னாகத் தோன்றும். கண்ணைக் குறியின் நேர் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், முதுகு என்ன சொன்னாலும் சரி.

அனுபவசாலிகளிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் பெல்ட்டிலும் பல்சக்கரங்களிலும் வெள்ளை மையால் கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோடுகளைப் பல் எண்ணிப் புதிய பெல்ட்டில் படியெடுத்து அப்படியே மாட்டுவார்கள். வேகமான வழி, பெரும்பாலும் சரியாகவும் வரும். பழைய பெல்ட் சரியாக மாட்டப்பட்டிருந்தால். முன்பே ஒரு பல் தள்ளியிருந்தால் அந்தத் தவறும் பிசகாமல் படியெடுக்கப்படும். ஆகவே வெள்ளை மைக் கோடு துணைக்கு இருக்கட்டும். தீர்ப்பை எஞ்சினில் பொறித்த குறி சொல்லட்டும்.

இழுவிசை வைப்பதில் எஞ்சினுக்கு எஞ்சின் வழி மாறும். சிலவற்றில் ஸ்பிரிங், சிலவற்றில் முள் குறி பொருந்த வேண்டிய ஆட்டோ டென்ஷனர், சிலவற்றில் மெதுவாக அமுக்கி ஊசி போட்டுப் பூட்ட வேண்டிய ஹைட்ராலிக். வீராவில் இருப்பதைப் போன்ற பழைய ஸ்பிரிங் வகையில் இரண்டு போல்ட்டுகளை எந்த வரிசையில் இறுக்குவது என்பதுகூட முக்கியம். வரிசை மாறினால் போல்ட்டோடு டென்ஷனரும் திரும்பி, பெல்ட் அளவுக்கு மேல் இறுகிவிடும். அப்படி இறுகிய பெல்ட் ஓடும்போது விசில் போல ஒரு கீச்சொலி எழுப்பும். தளர்ந்தது மூடியில் உரசித் தட்டும். கடைசியில், எஞ்சின் சுற்றும் திசையிலேயே கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எல்லாக் குறிகளும் மறுபடியும் வந்து பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். வால்வும் பிஸ்டனும் முட்டுகின்றன என்று அர்த்தம். கையால் சுற்றும்போது தெரிய வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பிய பிறகு தெரிந்தால் ஹெட் இறங்கும்.

இவ்வளவையும் படித்து, "இதற்குத்தானா!" என்று நினைப்பவர் தாராளமாக வீட்டில் செய்யலாம். அவருக்குக் கிடைக்கும் பெல்ட் வேலை பல பட்டறைகளில் கிடைப்பதைவிடச் சுத்தமாக இருக்கும். அவசரம் இல்லை, அடுத்த கார் வரிசையில் நிற்கவில்லை, தொலைந்த போல்ட்டுக்குப் பதில் புதியது போட நேரம் இருக்கிறது.

ஊர்ப் பட்டறைக்கு வருவோம். ஃபோர்மனின் கையில் இருப்பது பழக்கம். நூறு கேம்ப்ரோவைத் திறந்தவருக்கு எந்த போல்ட் முறியும், எந்த மூடி எங்கே சிக்கும் என்பது விரலுக்கே தெரியும். குறைகளும் எல்லோரும் அறிந்தவைதான். டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்கும், கை ரெஞ்ச்தான் இறுக்கும். சனிக்கிழமை மத்தியானம் நான்கு கார்களுக்கு நடுவே ஓடுவார். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் கேட்கவே வேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்போதுதான் கார் ஞாபகம் வரும். ஆகவே சாதாரண வாரநாள் ஒன்றில், காலையில் முதல் காராகக் கொண்டுபோய் விடுங்கள்.

நம்பிக்கையைப் பட்டறையிலும் வாங்கலாம். காரை விடும்போதே, "தவுக்கே, கழற்றிய பழைய சாமானும் புதியதன் பெட்டியும் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். முன்கூட்டிக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்த பிறகு கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பழைய டென்ஷனர் கைக்கு வந்தால் புதியது உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எதிரே இருக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, குறி பொருத்தும் நேரத்தில் மட்டும் எழுந்து போய்ப் பார்க்கலாம். தலைமேல் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் நல்ல ஃபோர்மனும் பல் எண்ணுவதில் தடுமாறுவார்.

பெல்ட்டை நாமே வாங்கிக் கொடுப்பதா, பட்டறையிலேயே வாங்குவதா என்பதில் பலரும் முதல் வழியையே சொல்வார்கள். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். நாம் வாங்கிக் கொடுத்த பெல்ட் ஆறு மாதத்தில் அறுந்தால் "நீங்கள் கொண்டுவந்த சாமான் சரியில்லை" என்று ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடும். சாமானும் கூலியும் ஒரே ரசீதில் இருந்தால் பொறுப்பும் ஒரே இடத்தில் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பெல்ட் என்பதை மட்டும் முன்பே பேசி முடிவு செய்து, பெட்டியைத் திறக்கும்போது பார்த்துக்கொண்டால் போதும். லாபமாகப் பட்டறை வைக்கும் சில ரிங்கிட்டை அந்தப் பொறுப்புக்குக் கொடுக்கும் விலை என்று எண்ணிக்கொள்ளலாம். ரசீதில் பெல்ட், டென்ஷனர், கார் ஓடிய கிலோமீட்டர், தேதி நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தகராறு முற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். அங்கே முதலில் கேட்கப்போவது ரசீதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மன் என்று ஒருவர் எல்லாத் தோட்டப்புற ஊரிலும் இருப்பார். வாரம் முழுதும் ரவாங்கிலோ கிள்ளானிலோ ஒரு பட்டறையில் வேலை. விடுமுறை நாளில் வீடு தேடி வந்து செய்து தருவார். கூலி குறைவு, பேச்சு இனிமை, ரசீது கிடையாது. பெல்ட் வேலையை அப்படியே அவரிடம் ஒப்படைப்பதை நான் விரும்புவதில்லை. பட்டறையின் காற்றுத் துப்பாக்கியும் அவரிடம் இருக்காது, நம் பொறுமையும் அவரிடம் இருக்காது. ஆனால் அவரை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஸ்பேனரை நீங்கள் பிடியுங்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள். அவருக்கு அரை நாள் கூலி, மத்தியானச் சாப்பாடு. போல்ட் கழற்றுவது, மூடி துடைப்பது எல்லாம் உங்கள் வேலை. பெல்ட் கழற்றும் முன் ஒரு முறை, மாட்டிய பின் ஒரு முறை, இரண்டு சுற்று சுற்றிய பின் ஒரு முறை குறிகளை அவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். முதல் முறை செய்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. நாம் அவருக்குக் கொடுப்பது கண்ணுக்கான கூலி.

நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையம் எங்களுக்கு ரவாங் பக்கம். அசல் சாமான், அச்சடித்த ரசீது, கையேட்டின்படி வேலை. விலை அதிகம், நாம் கொண்டுபோகும் சாமானைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். கார் வாரண்டியில் இருந்தால் மறுபேச்சில்லாமல் அங்கேதான் போக வேண்டும். பத்து வருடம் தாண்டிய காரைக் கொண்டுபோனால் பெல்ட்டோடு சேர்த்து இன்னும் எட்டு சாமான்களின் பட்டியல் கைக்கு வரும். அதில் பாதி உண்மையிலேயே தேவையாக இருக்கும் என்பதுதான் சங்கடம்.

எந்த வழியில் போனாலும் சாமானைப் பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். போலிகள் அசல் பெட்டி போன்ற பெட்டியிலேயே வருகின்றன. பழைய பெல்ட்டையும் புதியதையும் அருகருகே பிடித்துப் பல் எண்ணிக்கையும் அகலமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பல்லின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று வளைவாகவும் மற்றது சதுரமாகவும் இருந்தால் கடைக்காரர் வேறு எஞ்சினுக்கானதைக் கொடுத்துவிட்டார். இறுக்கி மடித்து ரப்பர் வளையம் போட்டுத் தொங்கவிட்ட பெல்ட்டை, விலை எவ்வளவு குறைத்தாலும், வாங்காதீர்கள். கூர்மையாக மடிந்த இடத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி இழை முறிந்திருக்கும். வீட்டில் மாட்டும்போதும் இதே விதிதான்: முறுக்கக் கூடாது, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக் கூடாது.

வாட்டர் பம்ப் மாற்றும்போது வடித்த கூலண்டைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம். கேனில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்தால் பழைய எண்ணெயோடு சேர்த்து எடுத்துக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், தினமும் வேலைக்கு ஓடும் ஒரே கார், அதுவும் கேம்ப்ரோ என்றால் ஊர்ப் பட்டறைதான். வாரநாள் காலை, பழைய சாமான் கைக்கு, ரசீதில் கிலோமீட்டர். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, வாசலில் நிற்பது ஒற்றைக் கேம் வீரா, கையில் கருவியும் பொறுமையும் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மனைப் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டிலேயே தொடங்கலாம். அடுத்த முறை அவரும் தேவைப்பட மாட்டார்.

பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் தனி ரகம். விற்றவர், "போன வருடம்தான் மாற்றினேன்" என்பார், ரசீது இருக்காது. அப்படிப்பட்ட பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே எண்ண வேண்டும். கருவி சேர்ப்பதற்கும் சர்வீஸ் நிலையத்தின் சலுகை மாதத்துக்கும் காத்திருக்கும் ஆடம்பரம் அவர்களுக்கு இல்லை. பத்துமலைக்கோ பினாங்குக்கோ நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன், இந்த வாரமே, வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் நல்ல ஃபோர்மனிடம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிடுங்கள்.